வீட்டில் குண்டு வார்க்க, தோட்டா நிரப்பக் கருவிகள்: எதைப் பழையதாக வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி இது: “மிசோரியில் இருக்கிறேன், கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் ஆகிறது. மான் வேட்டைக்காக ஒரு பழைய வின்செஸ்டர் .30-30 துப்பாக்கி வாங்கினேன். கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தானே ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, தோட்டாவும் நிரப்பிக்கொள்கிறார். அதற்கான கருவிகளை எங்கே தேடுவது, எதிலிருந்து ஆரம்பிப்பது?”

கிரீன் கார்டு என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்குப் பாதிக் கவலை போயிற்று. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டத்தின் கண்ணில் ‘தோட்டா’ என்பது முழுத் தோட்டா மட்டும் இல்லை. காலிக் கூடு, பிரைமர் (கூட்டின் அடியில் இருந்து, தட்டினால் பொறி கிளப்பும் சின்ன மூடி), குண்டு, பவுடர் (வெடிமருந்து) என்று தனித்தனியாக வைத்திருந்தாலும் அது தோட்டாதான். “துப்பாக்கியே இல்லையே, பொழுதுபோக்குக்குக் குண்டு மட்டும்தானே வார்க்கிறேன்” என்று ஒரு எச்-1பி நண்பர் என்னிடம் சொன்னார். வேண்டாம் என்றேன்.

இந்தியாவில் கதை இன்னும் கறார். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா செய்யும் இயந்திரத்தையே தோட்டா என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறார்கள். தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். ஊருக்குப் போகும்போது ‘டை’ எனும் கூடு அமுக்கும் அச்சு ஒன்றைப் பெட்டியில் போட்டு மாமாவுக்குக் காட்ட எடுத்துப் போகிற வேலையெல்லாம் வேண்டாம். நான் சொல்லப்போவது முழுக்க அமெரிக்காவுக்கு, அங்கேயும் சொந்த உபயோகத்துக்கு. செய்ததை விற்கக் கிளம்பினால் மத்திய உரிமம் தேவை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செத்த விலங்கைத் தின்னும் காண்டர் கழுகுகள் அதிலுள்ள ஈயத் துணுக்கால் மடிந்ததுதான் காரணம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நீங்கள் ஒரு பொழுதுபோக்கு என்று நினைப்பது உண்மையில் இரண்டு. காலிக் கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கி, புது பிரைமர் வைத்து, பவுடர் போட்டு, குண்டைப் பொருத்துவது ரீலோடிங். அந்தக் குண்டை நாமே வார்ப்பது வேறு தொழில். அதற்கு வேறு சாமான், வேறு இடம், வேறு பொறுமை. இரண்டையும் ஒரே மாதத்தில் ஆரம்பித்தவர்களில் பாதிப்பேர் அடுத்த வருடமே எல்லாவற்றையும் விற்றுவிடுகிறார்கள். முதல் ஆறு மாதம் வார்த்த குண்டை விலைக்கு வாங்கி ரீலோடிங்கை மட்டும் பழகுங்கள். அந்த ஆறு மாதத்தில் செய்ய வேண்டிய முக்கிய வேலை ஒன்று இருக்கிறது: காரீயம் சேர்ப்பது. கருவி எப்போதும் கிடைக்கும். ஈயம்தான் வருடத்துக்கு வருடம் அரிதாகிக்கொண்டே போகிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கூட்டை டைக்குள் அழுத்தும் கைப்பிடி இயந்திரமான ரீலோடிங் பிரஸ்ஸைப் பொறுத்தவரை பழையது வாங்கத் தயங்கவே தயங்காதீர்கள். இந்தத் துறையில் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. டை திருகும் மரையின் அளவு, 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 மரை, பெரும்பாலான கம்பெனிகளுக்கும் பொது. ஐம்பது வருடம் முந்தைய ஆர்சிபிஎஸ் பிரஸ்ஸில் நேற்று வாங்கிய லீ டை அப்படியே ஏறும். ஆர்சிபிஎஸ் என்ற பெயரே ஒரு வேடிக்கை. 1943இல், போர்க்காலத் தட்டுப்பாட்டில், கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர், சுட்டுப்போட்ட .22 கூடுகளையே மேலுறையாக வைத்து அணில் ஜாதிப் பிராணியான ‘ராக் சக்’கைச் சுடக் குண்டு அமுக்கும் டை செய்தார். அந்த ‘ராக் சக் புல்லட் ஸ்வேஜ்’தான் சுருங்கி ஆர்சிபிஎஸ் ஆயிற்று. விஸ்கான்சினில் ரிச்சர்ட் லீ 1958இல் தன் வீட்டுப் பட்டறையில் ஆரம்பித்தது லீ கம்பெனி. சுத்தியலால் தட்டியே தோட்டா நிரப்பும் அவர்களுடைய சின்னப் பெட்டி இன்றும் விற்பனையில் இருக்கிறது. பிரஸ்ஸே இல்லாமல் .30-30 நிரப்பிப் பார்க்க அது போதும், அக்கம்பக்கம் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால்.

பழைய பிரஸ் வாங்கும்போது கைப்பிடியைப் பாதியில் நிறுத்தி, தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஆடலாம், தளதளவென்று ஆடக்கூடாது. இணைப்புகளில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள். மேல்துரு பரவாயில்லை, எண்ணெயும் பிரஷ்ஷும் போதும். ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸே உங்களுக்குச் சரி. ஒரே இழுப்பில் எல்லா வேலையும் நடக்கும் புரோகிரசிவ் இயந்திரம் கைத்துப்பாக்கிப் போட்டிக்காரர்களுக்கு. வருடத்துக்கு இருநூறு தோட்டா நிரப்பப்போகிறவருக்கு அது கிணறு இருக்கும் வீட்டுக்குத் தண்ணீர் லாரி வாங்கின மாதிரி. அதோடு, ஐந்து வேலை ஒன்றாக நடக்கும்போது ஒரு கூட்டில் பவுடர் இரண்டு தடவை விழுந்தாலோ விழாமலே போனாலோ புதியவர் கண்ணுக்குத் தெரியாது.

தராசும் அப்படித்தான். புத்தம்புது எலெக்ட்ரானிக் தராசைவிட ஓஹாஸ் செய்து ஆர்சிபிஎஸ் பெயரில் விற்ற பழைய தண்டுத் தராசுக்கு இன்றும் மதிப்பு அதிகம். கத்தி முனையில் மண் இல்லாமல், தண்டு நெளியாமல் இருந்தால் வாங்குங்கள். கூடவே சரிபார்க்கும் எடைக்கல் ஒரு செட் புதிதாக வாங்கிவிடுங்கள். இங்கே எல்லாம் கிரெயின் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிராமுக்குப் பதினைந்தரை. நம்மூர் பொற்கொல்லர் குன்றிமணி வைத்து நிறுத்தாரே, அந்த ஒரு மணி கிட்டத்தட்ட இரண்டு கிரெயின். அந்த நுட்பத்தில்தான் இங்கே பவுடர் நிறுக்கிறோம்.

பழையதாக எதை வாங்கக்கூடாது என்று கேட்டால், எரிவது எதையும். இறந்தவர் வீட்டுச் சாமான்களை விற்கும் எஸ்டேட் சேலில் பிரஸ்ஸோடு சேர்த்துத் திறந்த பவுடர் டப்பா இரண்டை “இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்” என்று தருவார்கள். டப்பாவின் மேல் ஒரு பெயர் இருக்கும், உள்ளே இருப்பது அதுதான் என்பதற்கு இறந்துபோன மனிதரைத் தவிர யாரும் சாட்சி இல்லை. பவுடர்கள் கண்ணுக்கு ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும், எரியும் வேகம் பல மடங்கு மாறும். பவுடரும் பிரைமரும் மூடி திறக்காமல் கடையிலிருந்துதான். ஆன்லைனில் வாங்கினால் அபாயப் பொருள் என்று தனிக் கட்டணம் போடுவார்கள், ஆகவே நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஆர்டராகப் போடுவது இங்கே வழக்கம். தீ விதிகளில் அமெரிக்காவில் பெரிதும் பின்பற்றப்படும் என்எஃப்பிஏ 495, வீட்டில் புகையில்லாப் பவுடர் 20 பவுண்டு வரை அதன் சொந்த டப்பாவிலும், பிரைமர் 10,000 வரையும் வைக்க இடம் தருகிறது. உங்கள் நகராட்சி அதைவிடக் குறைத்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். 2020, 2021இல் பிரைமருக்கு வந்த பஞ்சம் இன்னும் எல்லோர் மனதிலும் இருக்கிறது. அதற்காகப் பதுக்க வேண்டாம், இரண்டு பருவத்துக்கு வேண்டியதை வைத்திருங்கள்.

எவ்வளவு பவுடர் என்று நான் எழுதமாட்டேன். யாராவது பேச்சுவாக்கில் ஒரு எண்ணைச் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். லைமன், ஹார்னடி, ஸ்பீர் கையேடுகளின் நடப்புப் பதிப்பில் உள்ள அளவு மட்டுமே அளவு. வார்த்த குண்டுக்கு லைமன் தனிக் கையேடே போடுகிறார்கள். உங்கள் முதல் செலவு அந்தப் புத்தகமாக இருக்கட்டும்.

எங்கே வாங்குவது? மிசோரியில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். மிட்வே யுஎஸ்ஏ இருப்பது கொலம்பியா நகரில், கிராஃப் அண்ட் சன்ஸ் இருப்பது மெக்சிகோ என்ற ஊரில். நாடு இல்லை, உங்கள் மாநிலத்திலேயே அந்தப் பெயரில் ஊர் இருக்கிறது. புதுச் சாமான், டை, கூடு எல்லாம் அவர்களிடம் கிடைக்கும். பழைய சாமானுக்கு கன் ஷோ, அடகுக்கடை, துப்பாக்கி கிளப்பின் அறிவிப்புப் பலகை. எல்லாவற்றையும்விட நல்லது எஸ்டேட் சேல். ஒரு தலைமுறை ரீலோடர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் கராஜ்கள் திறக்கப்படுகின்றன. அங்கே விற்பது பெரும்பாலும் மனைவியோ மகளோ. அவர்களுக்கு விலை தெரியாது. தெரியாது என்பதற்காக அறுபது டாலர் பிரஸ்ஸைப் பத்து டாலருக்குத் தூக்கிக்கொண்டு வந்து பெருமை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியான விலையைச் சொல்லிக் கொடுத்தால், “உள்ளே இன்னும் இரண்டு பெட்டி இருக்கிறது, பார்க்கிறீர்களா?” என்று அவர்களே கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் பாதி அச்சுகள் வந்தன.

இப்போது வார்ப்பு. இதற்கு அச்சு, உருக்கும் பானை, கரண்டி, குண்டை அளவுக்குக் கொண்டுவரும் சைசர் என்று நாலு சாமான் போதும்.

அச்சு வாங்கும் முன் துப்பாக்கியைக் கேளுங்கள். உங்கள் .30-30இல் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாய்க்குள் ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். குண்டின் மூக்கு கூராக இருந்தால், அது முன்னால் நிற்கும் தோட்டாவின் பிரைமரில் முட்டிக்கொண்டு நிற்கும். அதிர்ச்சியில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே தட்டை மூக்கு அச்சுதான். லைமன் 311041 என்ற எண் இந்தத் துப்பாக்கிக்காகவே பிறந்தது போன்றது, சுமார் 170 கிரெயின், அடியில் கேஸ் செக் என்ற சின்னச் செம்புக் கிண்ணி மாட்டும் வகை. சூடான வாயு ஈயத்தின் அடியை அரிக்காமல் அந்தக் கிண்ணி தடுக்கும்.

பழைய அச்சுகளில் ‘ஐடியல்’ என்று பொறித்ததைப் பார்ப்பீர்கள். 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய கம்பெனி அது. துப்பாக்கிப் பார்வைக்குறி செய்துகொண்டிருந்த லைமன் 1925இல் அதை வாங்கியது. அச்சு எண்கள் பலவும் அந்த வழியில் வந்தவைதான். இரும்பு அச்சு நூறு வருடம் உழைக்கும், துருவைத் தவிர அதற்கு எமன் இல்லை. ஆன்லைனில் “நல்ல நிலை” என்று போட்டிருந்த ஒன்றை நம்பி வாங்கினேன். வெளியே பளபள, திறந்தால் குழிக்குள் அம்மைத் தழும்பு. வார்த்த ஒவ்வொரு குண்டிலும் அதே தழும்பு. இப்போது குழியின் உட்புறப் படம் அனுப்பாத விற்பனையாளரிடம் வாங்குவதில்லை. இரண்டு பாதியையும் மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் இடுக்கில் ஒளி தெரியக்கூடாது. மேலே இருக்கும், உபரி ஈயத்தை வெட்டிவிடும் ஸ்புரூ தகடு தட்டையாகப் படிய வேண்டும். அலுமினிய அச்சு விலை குறைவு, சீக்கிரம் சூடாகும், துருப்பிடிக்காது. முரட்டுக் கைக்குத் தாங்காது, அவ்வளவுதான். ஆரம்பிக்க இரண்டு குழி அலுமினிய அச்சே போதும் என்பேன்.

சைசர் எந்த அளவு என்பதை உங்கள் குழல்தான் சொல்லும். புத்தகப்படி .30-30இன் குழல் வரிப்பள்ளத்தின் விட்டம் .308 அங்குலம். பழைய குழல்கள் புத்தகம் படிப்பதில்லை. மெத்தென்ற ஈயத்துண்டு ஒன்றைக் குழலில் தள்ளி வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, அதைவிட ஆயிரத்தில் ஒரு அங்குலம் கூடுதலாக வைப்பது வழக்கம். இதைச் செய்யாமல் டை வாங்கியவர்கள்தான் குழலில் ஈயம் ஒட்டுகிறது என்று வருடக்கணக்காகப் புலம்புவார்கள்.

பானை பற்றிக் குறைவாகச் சொல்கிறேன். அடியில் வால்வு வைத்த மின்பானை வசதி, விலை குறைந்தவை சொட்டுச் சொட்டாக ஒழுகும், அதோடு வாழப் பழகிக்கொள்ளலாம். கழிவு ஈயத்தை முதலில் சுத்தம் செய்ய அந்தப் பானையைப் பயன்படுத்தாதீர்கள். அதற்கு வெளியில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டியும் கேஸ் அடுப்பும். அந்தச் சட்டி மறுபடி சமையலறைக்குள் வரக்கூடாது. எப்போதுமே வரக்கூடாது.

ஒரு சொட்டுத் தண்ணீர். அது உருகிய ஈயத்துக்குள் போய்விட்டால் நொடியில் ஆவியாகி, பானையில் உள்ளதைக் கூரை வரை தூக்கி அடிக்கும். இங்கே இதை ‘டின்சல் தேவதை வந்துபோனாள்’ என்பார்கள், எங்கும் வெள்ளிச் சரிகை தொங்குவது போல ஈயம் ஒட்டியிருக்கும் என்பதால். ஒரு குளிர்காலக் காலையில், கராஜில் ராத்திரி முழுக்கக் கிடந்த கரண்டியைச் சூடாக்காமல் உள்ளே விட்டேன். பனி படிந்திருந்தது தெரியவில்லை. கண்ணாடியும் முகக் கவசமும் இருந்ததால் கழுத்தில் இரண்டு தழும்போடு போயிற்று. முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, மூடிய ஷூ. மழையில் கிடந்த கழிவை, சட்டி குளிர்ந்திருக்கும்போதே போட்டுச் சேர்த்துச் சூடாக்க வேண்டும்.

ஈய நஞ்சைப் பற்றி எல்லோரும் புகையைத்தான் நினைப்பார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும், கொதிக்க 1,700க்கு மேல் வேண்டும். வார்க்கும் சூட்டில் ஆவி குறைவு, காற்றோட்டம் இருந்தால் சமாளிக்கலாம். உண்மையான எதிரி தூசி: மேலே மிதக்கும் சாம்பல் கழிவு, கையில் ஒட்டி வாய்க்குப் போவது. அதைவிட மோசம் சுட்ட கூடுகளைப் பொடியில் உருட்டிச் சுத்தம் செய்யும் ‘டம்ளர்’ இயந்திரம். பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது, அதன் எச்சம் அந்தப் பொடியில் சேர்ந்து மூடியைத் திறந்ததும் முகத்துக்கு வரும். தண்ணீரும் ஸ்டீல் ஊசியும் போட்டு உருட்டும் வகையை வாங்குங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால், கராஜ் உடையோடு உள்ளே போகவே கூடாது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று ஒன்று கிடையாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021இல் குழந்தைகளுக்கான கவனிப்பு வரம்பை ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை ரத்தத்தில் ஈயம் பார்த்துவிடுங்கள். டாக்டரிடம் பொழுதுபோக்கைச் சொன்னால் எழுதித் தருவார்.

கடைசியாக ஈயம். மிசோரி ஒரு காலத்தில் ஈயத்தின் தாய்வீடு. மிசிசிப்பிக் கரையில் உள்ள ஹெர்குலேனியம் ஊரில் 1809இலேயே, செங்குத்துப் பாறை மேலிருந்து உருகிய ஈயத்தைச் சொட்டவிட்டு ரவைக் குண்டு செய்தார்கள். அதே ஊரில் இருந்த, தாதுவிலிருந்து ஈயம் எடுக்கும் நாட்டின் கடைசி உலை 2013 கடைசியில் மூடப்பட்டது. “அரசாங்கம் குண்டைத் தடுக்கிறது” என்று அப்போது ஒரு புரளி. தோட்டாவுக்குப் போகும் ஈயம் பெரும்பாலும் மறுசுழற்சியில் வருவதுதான்.

தமிழில் நமக்கு ஒரு வசதி, காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு என்று பெயரிலேயே தெரியும். குண்டுக்குக் காரீயம் அடிப்படை, அச்சில் நன்றாக நிரம்ப வெள்ளீயம் கொஞ்சம், கெட்டிப்பட ஆன்டிமனி என்ற உலோகம் கொஞ்சம். லைமன் நம்பர் 2 என்ற பழைய கலவையில் ஈயம் 90, மற்ற இரண்டும் ஐந்தைந்து பங்கு. அச்சகத்தில் லினோடைப் எழுத்து வார்த்த உலோகமும் இந்த மூன்றும்தான், ஆன்டிமனி 12 சதவீதம் அளவுக்கு. மூடிய அச்சகத்தின் எழுத்துப் பெட்டி கிடைத்தால் விடாதீர்கள். வெள்ளீயத்துக்கு இங்குள்ளவர்கள் பழைய சாமான் கடையில் பியூட்டர் கோப்பை தேடுவார்கள், அதில் பெரும்பங்கு வெள்ளீயம். நம் வீட்டு ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் அந்த ஜாதிதான். காரீயத்தோடு கொஞ்சம் உருக்கிச் சேர்த்தால் அருமையான குண்டு வரும், அம்மாவுக்கு யார் பதில் சொல்வது என்பது உங்கள் பாடு.

கார் பேட்டரியை மட்டும் உடைக்காதீர்கள். அமிலம் ஒருபுறம் இருக்க, அதன் தட்டுகளில் உள்ள சேர்க்கைகளிலிருந்து ஆளைக் கொல்லும் வாயு வரக்கூடும். கூரைத் தகடு, எக்ஸ்ரே அறைச் சுவரில் பதித்த ஈயத் தகடு, ஸ்கூபா முக்குளிப்பவர் இடுப்பில் கட்டும் எடை, சுடுதளத்தில் தோண்டி எடுத்த கழிவு, எல்லாம் நல்லது. ஆனால் ஆரம்பிக்க வேண்டிய இடம் டயர் கடை. சக்கரத்தைச் சமன் செய்ய மாட்டும் எடைகள் முன்பு எல்லாமே ஈயம். இப்போது பல மாநிலங்கள் தடுத்துவிட்டதால் துத்தநாகமும் இரும்பும் கலந்து வருகிறது. இரும்பு மிதக்கும், கரண்டியால் எடுத்துவிடலாம். துத்தநாகம் 419 டிகிரியில் உருகிக் கலந்துவிட்டால் கூழ் மாதிரி ஆகி மொத்தப் பானையும் வீண். ஆகவே உருக்கும் முன் ஒவ்வொன்றையும் கட்டிங் பிளையரால் கடித்துப் பாருங்கள். ஈயமானால் பல் பதியும், துத்தநாகமானால் வழுக்கும்.

பெரிய செயின் கடைகள் தரமாட்டார்கள், அவர்களுக்கு மறுசுழற்சி ஒப்பந்தம் இருக்கும். கிராமத்துச் சாலை ஓரத்தில் ஒருவரே நடத்தும் கடையாகப் பாருங்கள். சனிக்கிழமை வேண்டாம், கூட்டம். செவ்வாய், புதன் காலை ஒரு டஜன் டோனட்டோடு போய், என்ன விலை என்று நீங்களே கேளுங்கள். வாளியை நீங்களே கொண்டுபோங்கள். ஐந்து காலன் வாளி முழுக்க நிரம்பினால் நூறு பவுண்டுக்கு மேல் கனக்கும், பிடி பிய்த்துக்கொண்டு காலில் விழும். பாதிக்கு மேல் நிரப்ப விடாதீர்கள்.